பிழிய முடியாத கையும் ஒரு வடிபையும்



நான் கிளிநொச்சி மாவட்டத்தில் வசிக்கும் ஒரு குடும்பப் பெண். அலங்கார மீன் வளர்த்து விற்பது எனது தொழில். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் சென்ற வருடங்களில் என் வீட்டு மீன்தொட்டியில் நான் செய்த ஒரு சிறிய மாற்றத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். மீன் வளர்க்கிற சகோதரிகளுக்கு அது நேரடியாகப் பயன்படும். மீன் வளர்க்காதவர்களுக்கும், கையோ காலோ முன்போல் இல்லாதவர்களுக்கும், ஏதோ ஒரு விதத்தில் உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009 ஏப்ரலில் புதுமாத்தளனில் இருந்தபோது ஷெல் துண்டு ஒன்று என் வலது முன்கையைக் கிழித்துக்கொண்டு போனது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் புல்மோட்டைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தார்கள். கை தப்பியது. ஆனால் பெருவிரலும் சுட்டுவிரலும்தான் சொன்னபடி கேட்கும். மற்ற மூன்று விரல்களும் மடங்காது. ஒரு பொருளைப் பிடிக்கலாம், இறுக்க முடியாது. துணி பிழிவதும் தேங்காய்ப்பூ பிழிவதும் அன்றோடு என் கையை விட்டுப் போய்விட்டன. என் கணவரும் அந்த வருடம் மே மாதத்தோடு காணாமற் போனவர். அப்போது மகளுக்கு 2 வயது. மெனிக்பாம் முகாமில் இருந்துவிட்டு 2010 கடைசியில் எங்கள் வளவுக்குத் திரும்பி வந்தோம்.

எனக்கு முன்பு தையல் தெரியும். வந்த புதிதில் மிதிக்கும் மெசினில் இடது கையால் துணியைத் தள்ளித் தள்ளிச் சில்லறைத் தையல் செய்தேன். அது சோற்றுக்குக் காணவில்லை. பிறகு அலங்கார மீன் வளர்ப்புப் பற்றி ஒரு வகுப்பு நடந்தது. இந்த நாட்டில் நன்னீர் மீன் வளர்ப்பைக் கவனிப்பதற்கென்றே 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓர் அதிகார சபை இருக்கிறது, அதை எல்லோரும் நக்டா என்று சொல்வார்கள், அலங்கார மீனும் அவர்களின் வேலைதான் என்பதெல்லாம் அந்த வகுப்பில்தான் எனக்குத் தெரியவந்தது. இலங்கையிலிருந்து வெளிநாடு போகும் அலங்கார மீன்களில் கப்பி மீனுக்குப் பெரிய இடம் உண்டு என்றார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படை படியும். அந்தத் தண்ணீர் கப்பிக்கும் மொலிக்கும் நன்றாக ஒத்துக்கொள்ளும் என்றார்கள். குடிக்கும்போது நான் குறைபட்ட தண்ணீர் மீனுக்கு உகந்தது என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

தொட்டியும் கீழ்த்தொட்டியும்

சீமெந்துத் தொட்டியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடித் தொட்டிக்கு வந்தேன். 2022 இல் மின்வெட்டு வந்த காலத்தில் நான் இருந்ததெல்லாம் இழந்தேன். அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. நெருக்கமாக வளர்த்த மீன்கள் காற்றில்லாமல் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து செத்தன. 2023 இல் திரும்பவும் தொடங்கினேன்.

இரும்புத் தட்டில் இரண்டு வரிசையாக 6 கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றும் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 50 லீற்றர் தண்ணீர். ஆறுக்கும் சேர்த்துக் கீழே ஒரு தொட்டி. அதைத்தான் சம்ப் என்கிறார்கள். நான் கீழ்த்தொட்டி என்றே சொல்லிப் பழகிவிட்டேன். மேலே உள்ள தொட்டிகளில் மட்டத்துக்கு மேல் வரும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கே சுத்தமாகி, மோட்டரால் திரும்பவும் மேலே ஏறும்.

என் கீழ்த்தொட்டி 36 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம். உள்ளே 3 அறைகள். முதல் அறை 10 அங்குலம். அங்கே ஸ்பொஞ்ச் கட்டி ஒன்று நிமிர்ந்து நிற்கும். மீன் கழிவு, தின்னாத தீன், பாசித் துண்டு எல்லாவற்றையும் அதுதான் பிடிக்கும். அதைக் கடந்த தண்ணீர் 9 அங்குல உயரமான ஒரு கண்ணாடித் தடுப்பின் மேலால் வழிந்து இரண்டாம் அறைக்குப் போகும். அங்கே சுட்ட களிமண் வளையங்களும் உடைத்த ஓட்டுத் துண்டுகளும் இருக்கும். மூன்றாவது அறையில் மோட்டர்.

இந்த ஒழுங்குக்கு ஒரு காரணம் இருக்கிறது. மீன் விடும் கழிவிலிருந்து அமோனியா வரும். அது மீனுக்கு நஞ்சு. களிமண் வளையங்களில் குடியிருக்கும் நல்ல பற்றீரியாக்கள் அந்த அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும். அதுவும் நஞ்சுதான். வேறு பற்றீரியாக்கள் அதை நைத்திரேற்று ஆக்கும். அது அந்தளவு கெடுதல் செய்யாது. கிழமைக்கொரு தரம் கொஞ்சத் தண்ணீரை மாற்றினால் அது குறைந்துவிடும். இந்தப் பற்றீரியாக்களுக்குக் காற்றுள்ள ஓடும் தண்ணீர் வேண்டும். முதல் அறையில் ஊத்தையைப் பிடிக்காவிட்டால் அது வளையங்களை மூடிவிடும், பற்றீரியாக்கள் மூச்சுமுட்டிச் சாகும். ஊத்தை பிடிக்கும் வேலை கெட்டால் பின்னால் உள்ள எல்லாம் கெடும்.

அந்த ஸ்பொஞ்சை நாளுக்கு ஒரு தரம் எடுத்துப் பிழிய வேண்டும். அங்கேதான் எனக்குச் சிக்கல்.

மகள் போன பிறகு

மகள் வீட்டில் இருந்தவரை அவள்தான் பிழிந்தாள். பள்ளிக்கூடம் போக முதல் வாளியைக் கொண்டுவந்து, "அம்மா, நீங்கள் விடுங்கோ, நான் செய்யிறன்" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவாள். அவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பதற்காக என் அக்கா வீட்டில் போய் நிற்க வேண்டி வந்தது. அங்கேதான் வகுப்புகள் வசதி. வகுப்புக்காசு மீனில் இருந்துதான் போக வேண்டும்.

அவள் போன அடுத்த நாள் நானே ஸ்பொஞ்சை எடுத்தேன். தண்ணீர் ஊறிய அந்தக் கட்டி ஒரு குழந்தையின் பாரம் இருக்கும். ஒரு கையால் வாளியின் ஓரத்தில் வைத்து அமத்தினேன். மேலே உள்ள ஊத்தை போனது, உள்ளே உள்ளது போகவில்லை. காலால் மிதித்தும் பார்த்தேன். ஒரு கிழமை இப்படி ஒப்பேற்றினேன். பிறகு ஸ்பொஞ்ச் முற்றாக அடைபட்டு, தண்ணீர் அதற்குள்ளால் போகாமல் மேலால் ஏறிப் போகத் தொடங்கியது. நான் அதைக் கவனிக்கவில்லை. தண்ணீர் மங்கியது. கப்பிகள் வாலை விரிக்காமல் செட்டையை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றன.

இரண்டு கிழமைக்கு ஒரு தரம் சனிக்கிழமையில் மீன் எடுக்க வரும் வியாபாரி தொட்டியை ஒருமுறை பார்த்தார். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. இந்த மீன் பயணம் தாங்காது. அடுத்தமுறை பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது சரி. அன்றிரவு மகள் தொலைபேசியில், "மீன் எல்லாம் போச்சோ அம்மா?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை, எல்லாம் போச்சு" என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்தான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

என் தம்பி வந்து பார்த்துவிட்டு, "ஏன் அக்கா இந்தக் கையோட கஷ்டப்படுறியள்? தொட்டியளை வித்துப்போட்டு ரண்டு ஆடு வாங்குங்கோ" என்றான். அவன் அன்போடுதான் சொன்னான். ஆனால் என் கையைக் காட்டி என்னிடமிருந்து ஒவ்வொரு வேலையாக மற்றவர்கள் வாங்கிக்கொண்டதை நான் 14 வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழிய முடியாதென்றால், பிழியத் தேவையில்லாத ஒன்றை அந்த இடத்தில் வைக்க முடியாதா என்று அப்போதுதான் முதன்முதலாக யோசித்தேன்.

பையைத் தேடி

மீன் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் கேட்டபோது இரண்டு வழி சொன்னார்கள். துணிச்சுருள் தானாகவே சுற்றி ஊத்தையை எடுத்துக்கொண்டு போகும் ஒரு கருவி இருக்கிறதாம். அதன் விலையைக் கேட்டதும் நான் வாயை மூடிக்கொண்டேன். மற்றது வடிபை. காலுறை போல நீண்ட ஒரு பை, வாயில் ஒரு பிளாஸ்ரிக் வளையம். தண்ணீர் பையின் வாய்க்குள் விழுந்து துணியால் வடிந்து வெளியே வரும். ஊத்தை உள்ளே தங்கிவிடும். அவர்கள் காட்டிய பை 200 மைக்ரோன் என்றார்கள். ஒரு மில்லி மீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள தூசியையும் அது பிடிக்கும். அடைத்தால் பையை எடுத்து, உள்பக்கத்தை வெளியே புரட்டி, தண்ணீர் ஊற்றினால் போதும். பிழியத் தேவையில்லை.

அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது என் பழைய தையற்காரக் கண் விழித்துக்கொண்டது. இது ஒரு தலையணை உறையை விடச் சுலபமான தையல். ஒரு பையை மாதிரிக்கு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆனால் என் கீழ்த்தொட்டி ஸ்பொஞ்சுக்காகச் செய்யப்பட்டது. முதல் அறையின் நடுவில் ஸ்பொஞ்சை நிறுத்துவதற்கு முன்பக்கத்தில் இரண்டும் பின்பக்கத்தில் இரண்டுமாக 4 கண்ணாடிச் சட்டங்கள் ஒட்டியிருந்தன. பை தொங்குவதற்கு மேலே ஒரு தட்டும் கீழே வெற்றிடமும் வேண்டும். ஆகவே கீழ்த்தொட்டியை மாற்றியமைக்க வேண்டும்.

செய்த முறை

முதலில் மீன்களின் ஏற்பாடு. கீழ்த்தொட்டி 3 நாள் வேலை செய்யாது. 6 தொட்டிகளிலும் காற்றுக்கல் போட்டேன். தீனைப் பாதியாகக் குறைத்தேன். ஒவ்வொரு நாளும் கால்வாசித் தண்ணீரை மாற்றினேன். களிமண் வளையங்களை மீன்தொட்டித் தண்ணீரிலேயே ஒரு வாளியில் போட்டு, அதற்குள்ளும் ஒரு காற்றுக்கல் வைத்தேன். வளையங்கள் காய்ந்தால் பற்றீரியாக்கள் சாகும். குழாய்த் தண்ணீர் உள்ள சகோதரிகள் அதிலுள்ள குளோரீனும் அவற்றைக் கொல்லும் என்பதை மறக்கக் கூடாது.

பிறகு தொட்டியை வெறுமையாக்கித் தம்பியும் நானும் திண்ணைக்குத் தூக்கிவந்தோம். சவர அலகால் சட்டங்களின் ஓரத்துச் சிலிக்கோனை மெதுவாக வெட்டினேன். அலகைப் பிடிப்பதற்கு இரண்டு விரலே போதும். அவசரப்பட்டு நெம்பினால் கண்ணாடி வெடித்துவிடும். ஒரு காலை முழுவதும் அந்த வேலையில் போனது. 4 சட்டங்களும் முழுதாக வந்தன. பழைய சிலிக்கோனைப் பொட்டும் இல்லாமல் சுரண்டினேன். பழையதன்மேல் புதியது ஒட்டாது.

கழற்றிய சட்டங்களில் இரண்டைக் கண்ணாடி வெட்டும் கடையில் கொடுத்து 9 அங்குலமாக வெட்டுவித்தேன். அவற்றை முதல் அறையின் முன் சுவரிலும் பின் சுவரிலும், அடியிலிருந்து 12 அங்குல உயரத்தில் கிடையாக ஒட்டினேன். இவைதான் தட்டைத் தாங்கும் விளிம்புகள். சிலிக்கோன் வாங்கும்போது கவனிக்க வேண்டும். குளியலறைக்கென்று பூஞ்சணம் பிடிக்காத மருந்து கலந்து விற்பார்கள், அது மீனுக்கு ஆகாது. கலப்பில்லாத, வினாகிரி மணக்கும் சாதாரணக் கண்ணாடிச் சிலிக்கோனை வாங்குங்கள். அந்த மணம் முற்றாகப் போகும்வரை தண்ணீர் விடக் கூடாது. நான் முழுதாக 2 நாள் விட்டேன்.

தட்டுக்குப் பேஸ்பெக்ஸ் பலகைத் துண்டு ஒன்று வாங்கினேன். அதைத் தொட்டியில் ஒட்டவில்லை. சிலிக்கோன் பேஸ்பெக்ஸில் உறுதியாகப் பிடிக்காது. அதோடு தட்டு கழற்றக்கூடியதாக இருந்தால்தான் அறையைக் கழுவலாம். நடுவில் 4 அங்குல வட்டம் வெட்ட வேண்டும். வட்டத்தைக் கீறி, கோட்டின் உட்பக்கமாகச் சிறுசிறு துளைகளை நெருக்கமாகத் துளைத்து, துளைகளை இணைத்து வெட்டியெடுத்து, அரத்தால் தேய்த்தேன். துளைக்கும் மெசினைத் தம்பி பிடித்தான். அரம் தேய்த்தது நான்.

தட்டை வைத்துப் பையைத் தொங்கவிட்டேன். பை 10 அங்குல நீளம். அதன் நுனி அடியிலிருந்து 2 அங்குலம் மேலே நின்றது. தடுப்பு 9 அங்குலமாகையால் அறையின் தண்ணீர் மட்டமும் 9 அங்குலம். பையின் மேல் 3 அங்குலம் தண்ணீருக்கு வெளியே இருந்தது. பை அடைக்க அடைக்க உள்ளே தண்ணீர் அந்த 3 அங்குலத்தில் ஏறும். அதைப் பார்த்தே எப்போது மாற்றுவதென்று அறியலாம்.

பழைய ஸ்பொஞ்சை உடனே எறியவில்லை. அதிலும் நல்ல பற்றீரியாக்கள் இருக்குமல்லவா? அதில் ஒரு துண்டை வெட்டி இரண்டாம் அறையில் 4 கிழமை வைத்திருந்துவிட்டுத்தான் எடுத்தேன்.

மோட்டரைப் போட்டேன். 10 லீற்றர் வாளி 30 விநாடியில் நிறைந்தது. அப்படியென்றால் மணிக்கு 1200 லீற்றர். என் 300 லீற்றர் தண்ணீரும் மணிக்கு 4 தரம் சுற்றிவரும். மோட்டரின் பெட்டியில் இதைவிடக் கூடுதலாகத்தான் போட்டிருந்தது. உயரத்துக்கு ஏற்றும்போது அளவு குறையும், ஆகவே பெட்டியை நம்பாமல் வாளியால் அளந்து பாருங்கள்.

நான் விட்ட பிழை

அன்று பின்னேரம் நான் இருந்த சந்தோசத்தில் ஒரு விடயத்தைப் பார்க்கத் தவறினேன். மேலிருந்து வரும் குழாய் முன்பு ஸ்பொஞ்சுக்கு முன்னால் விழுந்ததால் கட்டையாக இருந்தது. இப்போது அதன் வாய் பையின் வாய்க்கு மேலே 3 அங்குலம் உயர நின்றது. பை புதிதாக இருக்கும்வரை தண்ணீர் உள்ளே விழுந்து அடங்கியது. அத்தனை நாள் தேங்கிய ஊத்தையெல்லாம் இறங்கிவந்து ஐந்தாறு மணித்தியாலத்தில் பை அடைத்துவிட்டது. பை நிறைந்ததும் விழுந்த தண்ணீர் சிதறத் தொடங்கியது. இரவு முழுவதும் துளித்துளியாகத் தொட்டிக்கு வெளியே தெறித்தது.

வெளியே போன தண்ணீர் என்னவோ ஒரு வாளிக்குச் சற்றுக் கூடத்தான். ஆனால் கீழ்த்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் அது மோட்டர் அறையில்தான் குறையும். மற்ற அறைகளில் தடுப்பு மட்டத்துக்கு அப்படியே நிற்கும். விடியற்காலையில் மோட்டர் காற்றை உறிஞ்சிச் சூடாகி நின்றுவிட்டது. மேல்தொட்டிகளில் தண்ணீர் நிறைய இருந்தது, ஓட்டம் இல்லை. வேலை முடிந்ததென்று காற்றுக்கற்களையும் முதல்நாளே கழற்றிவிட்டிருந்தேன். காலையில் கதவைத் திறந்தபோது நிலம் ஈரம். 43 மீன்கள் செத்திருந்தன. எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வாசற்படியில் இருந்து நன்றாக அழுதேன். மீனுக்காக மட்டும் அழுததாக நான் நினைக்கவில்லை. அழுது முடியத் தம்பி வந்தான். "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் சொல்லவில்லை. குனிந்து குழாயைப் பார்த்துவிட்டு, "அக்கா, குழாய் கட்டை. நீட்டினால் சரி" என்றான்.

அப்படியே செய்தோம். ஒரு முழங்கையும் ஒரு துண்டுக் குழாயும் போட்டு, குழாயின் வாய் பைக்குள் 2 அங்குலம் கீழே நிற்கும்படி நீட்டினோம். காற்று அடைபடாமலிருக்க முழங்கைக்கு மேலே சிறிய துளை ஒன்று போட்டோம். தட்டின் வலப்பக்க ஓரத்தை அரை அங்குலம் வெட்டினேன். பை நிறைந்து வழிந்தாலும் தண்ணீர் அந்த இடைவெளியால் முதல் அறைக்குள்ளேயே விழும். பிறகு மோட்டரை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன். கரண்ட் நின்றால் மேல்தொட்டிகளின் மேல்மட்டத் தண்ணீரும் குழாயில் உள்ளதும் கீழே இறங்கும். அது கீழ்த்தொட்டியில் ஏறி 11 அங்குலத்தில், தட்டுக்கு ஓர் அங்குலம் கீழே நின்றது. அந்த இடத்தில் கண்ணாடியில் ஒரு கோடு போட்டுவைத்தேன். புதிதாக எதைச் செய்தாலும் இந்தச் சோதனையைப் பகலில், நீங்கள் முன்னால் நிற்கும்போதே செய்து பாருங்கள்.

இன்னொன்றும் படித்தேன். காற்றுக்கற்களை இப்போது கழற்றுவதேயில்லை. அவை வேறு மோட்டரில், வேறு பிளக்கில் ஓடுகின்றன. ஒன்று நின்றால் மற்றது மீனைக் காப்பாற்றும்.

நானே தைத்த பைகள்

கடைப் பை ஒன்றோடு காலம் தள்ள முடியாது. தடித்த பொலியெஸ்ரர் கம்பளித் துணி வாங்கினேன். 4 அங்குல வட்டத்துக்குச் சுற்றளவு பன்னிரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் கூட. தையலுக்கு ஓர் அங்குலம் விட்டு பதின்மூன்றரை அங்குல அகலமாக வெட்டினேன். பொலியெஸ்ரர் நூலால் இரட்டைத் தையல் போட வேண்டும். பருத்தி நூல் தண்ணீரில் உக்கிவிடும். வட்டமான பிளாஸ்ரிக் டப்பா ஒன்றின் வாயை வளையமாக வெட்டி மேல்மடிப்புக்குள் வைத்துத் தைத்தேன். தைத்த புதுப் பையைச் சுடுதண்ணீரில் பலமுறை அலசினேன். சவர்க்காரம் மட்டும் ஒருபோதும் கூடாது.

என் பையில் கடைப் பையில் இல்லாத இரண்டு விடயம் இருக்கிறது. ஒன்று, வாய்க்கு ஓர் அங்குலம் கீழே சிவப்பு நூலால் ஒரு சுற்றுத் தையல். தண்ணீர் அந்தச் சிவப்பைத் தொட்டால் மாற்ற வேண்டும். மற்றது, இரு பக்கமும் தைத்த அகலமான நாடா. அதற்குள் என் வலது மணிக்கட்டை விட்டுத் தூக்குவேன். விரல் வேண்டியதில்லை.

இப்போது என்னிடம் 5 பைகள் இருக்கின்றன. இரண்டு நாளைக்கு ஒரு தரம் மாற்றுகிறேன். எடுத்த பையைப் புரட்டி வாளியில் ஊறவைத்து, கோப்பையால் தண்ணீர் ஊற்றிக் கழுவி, கொடியில் போட்டால் வெயில் மிச்ச வேலையைச் செய்யும். கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும். மாற்றாமல் மூன்று நாலு நாள் விட்டால் பிடிபட்ட ஊத்தை அதற்குள்ளேயே அழுகி அமோனியாவாகத் தண்ணீரில் கரையும். ஆகவே வடிபை வைத்தவர்கள் சோம்பல்பட முடியாது. புது மீன் வந்தால் நேரே இந்தத் தொட்டிகளில் விடுவதுமில்லை. எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர் என்பதால் ஒரு மீனின் வருத்தம் எல்லாவற்றுக்கும் பரவும். தனியாக ஒரு பேசினில் சில கிழமை வைத்துப் பார்த்த பிறகுதான் சேர்ப்பேன்.

எல்லாம் சேர்த்து எனக்கு 4000 ரூபாவுக்குள் முடிந்தது. ஐந்தாவது சனிக்கிழமை வியாபாரி வந்து தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தார். தண்ணீர் இருப்பதே தெரியாத மாதிரித் தெளிவாக இருந்தது. "ஆர் அக்கா செய்து தந்தது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். தம்பி பக்கத்தில் நின்றான். "அக்காதான்" என்று அவனும் சொன்னான்.

அன்றிரவு மகளுக்கு உண்மையைச் சொன்னேன். செத்த மீன்களின் கணக்கையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் வந்தால் எனக்கு என்ன வேலை அம்மா?" என்று கேட்டாள். "வந்து தீன் போடு" என்றேன்.

சகோதரிகளே, எங்களில் பலருக்கு இப்படி ஒரு கையோ, காலோ, கண்ணோ குறை. வீட்டிலுள்ள சாமான்கள் எல்லாம் முழுதான உடம்புக்கென்று செய்யப்பட்டவை. அவற்றோடு மல்லுக்கட்டித் தோற்று, "எனக்கு ஏலாது" என்று நாங்களே சொல்லப் பழகிவிடுகிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் ஏலாது என்று கிட்டப்போய்ப் பார்த்தபோது, எனக்கு ஏலாதது மீன் வளர்ப்பல்ல, ஒரு ஸ்பொஞ்சைப் பிழிவது மட்டும்தான் என்று தெரிந்தது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு கால் இழந்த ஒரு தங்கச்சி இருக்கிறாள். குனிந்து கீழ்த்தொட்டியைப் பார்க்க அவளால் முடியாது. அவளுக்கு வடிக்கும் தொட்டியைக் கீழே வைக்காமல், மீன்தொட்டிக்குப் பக்கத்தில் மேசை உயரத்தில் எப்படி வைப்பதென்று இப்போது இருவரும் கடதாசியில் கீறிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் இறங்குவதற்கு எவ்வளவு உயர வித்தியாசம் வேண்டும் என்பதுதான் இன்னும் சரிவரவில்லை. உங்களில் யாராவது அப்படிச் செய்திருந்தால் இந்தச் சஞ்சிகைக்கு எழுதுங்கள். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம்.